ஏலமலையில் அடைபட்ட நாட்கள்



தனிமை முனிவர்க்கு உரியது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியபோது, அது முனிவரல்லாத நமக்கும் வந்து வாய்த்தது. நாம் விரும்பித் தேடிய தனிமை அன்று அது. கொரோனா நோய்க்கு அஞ்சி அரசு விதித்தது. அத்தகைய தனிமையில் மனிதன் தன்னைத் தானே காண இயலுமா, புதியதொன்றைப் படைக்க இயலுமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

போடிநாயக்கனூர் ஏலத்தை ஏலம் விடும் ஊர். விடியுமுன்பே சோற்றுப் பாத்திரத்துடன் பெண்கள் ஜீப்புகளில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்திலுள்ள தோட்டங்களுக்குச் செல்வர். பொழுது சாயத் திரும்புவர். சோதனைச் சாவடி அடைபட்டதும் ஊர் ஒருபுறமும் மலை ஒருபுறமுமாகப் பிரிந்து நின்றன. ஏலக்கூடமும் பல வாரங்கள் வாய்மூடிக் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொள்ளைநோய் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் இங்கே மீண்டும் மீண்டும் தலைகாட்டியதுண்டு. ஆயினும் மலைப்பாதை இவ்வாறு ஓய்ந்து கிடந்ததை இத்தலைமுறையினர் கண்டதில்லை.

இத்தகைய வேளைகளில் எல்லோரும் நியூட்டனைத் துணைக்கு அழைப்பர். 1665இல் பிளேக்கினால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட, அவர் சொந்த ஊர் திரும்பிக் கணிதத்திலும் ஒளியியலிலும் சிந்தனை செலுத்தினார். உண்மைதான். ஆனால் அவருக்குக் குடும்பத்தின் பண்ணை வீடு இருந்தது. வேளைக்கு உணவும் இருந்தது. அன்றாடக் கூலியை நம்பியவளுக்கு அடைபட்ட வீடு சிந்தனைக்கூடம் ஆகுமா? வ. உ. சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த துன்பத்தினிடையே ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினாரே என்பீர்கள். அது பெருமைக்குரிய விதிவிலக்கு. அதனை எல்லார்க்கும் அளவுகோலாக்குவது முறையன்று.

எனக்குத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் அந்நாட்களில் மலைமீது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே தங்க நேர்ந்தது. முதற்கிழமை முழுதும் அவருக்குத் தூக்கமில்லை. கைப்பேசியைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். அலுவல் நின்றவுடன் மனம் அடங்கிவிடும் என்று எண்ணுகிறோம். அவ்வாறு அடங்குவதில்லை, ஓடிப் பழகிய வேகத்திலேயே இன்னும் சில நாள் ஓடுகிறது. பின்னரே கண் அருகிலுள்ளதைப் பார்க்கத் தொடங்குகிறது. ஏலச்செடி தண்டின் உச்சியில் பூப்பதில்லை. அடியிலிருந்து மண்ணையொட்டிப் படரும் சரத்தில் பூக்கிறது. வெள்ளைப் பூ, நடுவே ஊதா வரிகள். காலையில் மலர்வது மறுநாள் நிற்பதில்லை. இருபது ஆண்டு தோட்டத்தில் இருந்தும் குனிந்து பார்த்ததில்லை என்றார். இவ்வாறு கூர்ந்து நோக்குவதன் பயனை இடுக்கி மாவட்டம் முன்பே அறியும்; அங்குப் பெரும்பரப்பில் பயிராகும் ஞள்ளானி ஏலத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயியே.

பூக்களை எழுதிவைக்க அவர் எடுத்தது பழைய செக்ரோல் நோட்டு. அதில் வருகைக் கோடுகளுக்கு எதிரே நாள்தோறும் தாம் எழுதிய பெண்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயர்க்கும் நேராக அப்பெண்ணைப்பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுத முற்பட்டார். ஒருத்திக்கு ஊர் தேவாரம் என்று தெரியும். ஒருத்திக்கு முழங்கால் வலி. அதுவும் அவள் தாமதமாக வந்ததற்காக அவர் கடிந்துகொண்ட அன்று தெரிந்தது. மற்றப் பெயர்களுக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை. அன்றிரவு தம்மைப்பற்றித் தாம் அறிந்துகொண்டது முன்பு எந்நாளும் அறிந்ததில்லை என்று அவர் என்னிடம் கூறினார்.

பாதை திறந்தபின் களையெடுக்க வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டை நிரப்பினார். முதலில் அவர்கள் ஐயுற்றனர். ஆளைக் குறைக்கப் போகிறார்களோ என்று அஞ்சினர். பிறகு தாமாகவே சொன்னார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களுடைய பெயர்களுக்கு எதிரே அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.