பிள்ளைக்கு கீபோர்டு கிளாஸ்: குழுவில் கடன் கேட்பதற்கு முன்னால்



குழுக் கூட்டங்களில் நாங்கள் உட்காரும்போது இப்போது புதுசாக ஒரு கேள்வி வருகிறது. "மேடம், பிள்ளை பியானோ கத்துக்கணும்னு அழுவுது. கீபோர்டு வாங்க உள்கடன் கொடுக்கலாமா?" ஒரு குழுவில் இதை ஆடம்பரச் செலவு என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதாமலே தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கேட்டதும் கொடுக்கிறோம். பிள்ளை ஒரு வித்தை கற்பதற்குக் கேட்டால் யோசிக்கிறோம். அதே நேரம், விவரம் தெரியாமல் வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் பெட்டி பரண் மேலே ஏறிவிட்டால் தவணை மட்டும் மிச்சம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பியானோ வேறு, கீபோர்டு வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தி போய்க் கம்பியில் தட்டும். அதுதான் சத்தம். இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் 1700-ஐ ஒட்டிய வருடங்களில் இதைச் செய்தார். மொத்தம் 88 கட்டை, வெள்ளை 52, கருப்பு 36. விலை லட்சக்கணக்கில் போகும், நம் வீட்டு வாசலிலும் நுழையாது. கீபோர்டு கரண்டிலும் பேட்டரியிலும் ஓடுகிற கருவி. பெரும்பாலும் 61 கட்டை இருக்கும். நம்ம பக்கம் "பியானோ கிளாஸ்" என்று போர்டு போட்டிருந்தாலும், உள்ளே போனால் அநேகமாகக் கீபோர்டுதான் இருக்கும். அது தப்பில்லை. ஆனால் எதைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

"இது வெள்ளைக்காரன் பாட்டு, நமக்கு எதுக்கு" என்று பாட்டிமார் சொல்வார்கள். நம்ம பஜனையில் வாசிக்கிற ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். கட்டை அமைப்பு இரண்டிலும் ஒன்றேதான். ஏழு வெள்ளை, ஐந்து கருப்பு, ஆக பன்னிரண்டு. அதுவே திரும்பத் திரும்ப வரும். இரண்டு கருப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடது பக்கத்து வெள்ளையில் 'ச' வைத்து, வெள்ளையாகவே வாசித்துப் போனால் சங்கராபரணம். மூன்று கருப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கருப்பை 'ச' ஆக வைத்து, கருப்புக் கட்டைகளையே வரிசையாக வாசித்தால் மோகனம். பிள்ளையை வைத்து வாசித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

எங்கே கற்பது? பிள்ளைக்குப் பாட்டு ஆசை இருக்கிறதா என்று காசு அதிகம் செலவில்லாமல் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரியில் அரசின் ஜவகர் பால பவன் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். அங்கே கர்நாடக இசை, பரதநாட்டியம், ஓவியம் படிக்கலாம். கீபோர்டுக்கு என்றால் தனியார் ஆசிரியர்தான். வில்லியனூருக்கோ டவுனுக்கோ பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கும். பஸ் காசையும், கூடப் போகிறவரின் கூலி நாளையும் ஃபீஸோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரே தெருவில் நாலு பிள்ளைகள் சேர்ந்தால் ஆசிரியரையே ஊருக்கு வரச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம்.

நம்ம திருபுவனைக் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது தெரியுமா? 1048-இல், ராஜாதிராஜ சோழன் காலத்தில், இங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்விச்சாலை நடந்ததைச் சொல்கிறது. கோயில் நிலத்து வருமானம் அதற்கு ஒதுக்கப்பட்டது. வேதம் படித்த இடம் அது, நம்ம வீட்டுப் பெண் பிள்ளை அங்கே நுழைந்திருக்க முடியாது. இன்றைக்கு நுழையலாம். ஆனால் கீபோர்டு பையனுக்கு, பாத்திரம் பொண்ணுக்கு என்று நாமே பிரித்துவிடுகிறோமே, அதை என்ன சொல்வது?

சேர்க்கும் முன்னால் ஆசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வாரம் எத்தனை நாள், எவ்வளவு நேரம், தனியாகவா கூட்டமாகவா, பிள்ளை வராத நாளுக்குக் காசு உண்டா, முழு வருடத்துக்கும் முன்பணம் கேட்கிறார்களா? முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுவதே நல்லது, ரசீது வாங்குங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற அமைப்பு நடத்தும் தேர்வைப் பற்றிச் சொல்வார்கள். இனிஷியல் என்று ஆரம்பித்து எட்டு கிரேடு வரை இருக்கும். அதில் பியானோ தேர்வு வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வு வேறு. தேர்வுக் கட்டணமும் தனி, அதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். தேர்வு எழுதித்தான் ஆகணும் என்று கட்டாயம் கிடையாது.

பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, ஆசிரியர் வீட்டில் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். கதவு திறந்திருக்கட்டும். முதல் சில வாரம் யாராவது கூட உட்காருங்கள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அந்த இடமே வேண்டாம். பிள்ளை திடீரென்று "கிளாசுக்குப் போக மாட்டேன்" என்றால் அடித்து அனுப்பாமல் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

பெரியவர்களும் கற்கலாமா என்று சிலர் வெட்கப்பட்டுக் கேட்கிறார்கள். தாராளமாக. பூ கட்டுகிற விரலுக்கும் நாற்று நடுகிற விரலுக்கும் கட்டை அழுத்துவது பெரிய காரியமா? பிள்ளைகளைவிட நமக்கு நேரம்தான் குறைவு. தினம் இருபது நிமிடம் கிடைத்தால் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். கோயில் பஜனைக்கோ சர்ச் பாட்டுக்கோ வாசிக்க ஆள் வேண்டியிருக்கிறது. நன்றாகக் கற்ற பெண்ணுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு வருமானம்.

வருமானம் என்றதும் ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976-இல் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. வீட்டில் மிச்சம் இருந்தது அப்பாவின் இசைக்கருவிகள். அம்மா அவற்றை மொத்தமாக விற்றுத் தின்றுவிடாமல் வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தினார். பையன் அந்தக் கீபோர்டுகளோடேயே வளர்ந்தான். 2009-இல் அவருக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். எல்லாப் பிள்ளையும் ரஹ்மான் ஆகாது, அதை எதிர்பார்த்து யாரும் கடன் வாங்க வேண்டாம். நாங்கள் பார்ப்பது அந்த அம்மாவின் கணக்கை. கருவி ஒரு சொத்து, அதை வாடகைக்கும் விடலாம். ஒரு குழுவே பொதுவில் ஒரு கீபோர்டு வாங்கி, உறுப்பினர் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுத்தால் என்ன?

வாங்கும்போது, மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தமும் பலமாக அழுத்தினால் பெரிய சத்தமும் வருகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் வருகிற விளையாட்டுச் சாமான் வேண்டாம். கரண்டு போனால் பேட்டரியில் ஓட வேண்டும். காதில் மாட்டும் ஹெட்போன் ஓட்டை இருந்தால் பக்கத்து வீட்டோடு சண்டை வராது. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் ஆசிரியரை வைத்துப் பார்த்து வாங்கலாம். வாங்கியபின் துணி போட்டு மூடுங்கள். தூசியும் எறும்பும் எலியும்தான் எதிரி.

கடன் கணக்கு இதுதான். 10,000 ரூபாய் உள்கடன், மாதம் 1,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, குறைகிற பாக்கிக்கு மட்டும். முதல் மாத வட்டி 100, அடுத்து 90, கடைசியில் 10. பத்து மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய், அதுவும் நம்ம குழுவுக்கே வரும். கடையில் "வட்டியில்லா தவணை" என்றால் முன்பணம், பிராசஸிங் சார்ஜ் எல்லாம் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் வட்டிக்காரரிடம் மட்டும் போக வேண்டாம். மூன்று மாதம் பிள்ளை விடாமல் கிளாஸ் போன பிறகே கடன் என்று குழு தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். அதுவரை வாடகைக் கீபோர்டோ, ஆசிரியர் வீட்டுக் கீபோர்டோ போதும்.