“சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது!” - மூங்கில் வில்லும் அப்பாவின் லேத் கணக்கும்

“சித்தி, எனக்கு ஒரு வில் வேணும்!”

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், போனில் தீபிகா குமாரியின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஆன்லைனில் விலை தேடினோம். சர்வதேசப் போட்டிகளில் பயன்படுத்தும் ரிகர்வ் வில், அம்புகள், மற்ற உபகரணங்கள் எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டியது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்து, “நானே செஞ்சு தரேன்டி” என்று வாயைவிட்டேன்.

அதுவரை ஒரு குச்சியைக்கூட நான் ஒழுங்காகச் சீவியதில்லை.

மூங்கிலில் தொடங்கியவர்கள்

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால், தேடிப் படித்தபோது நம்பிக்கை வந்தது. ராஞ்சி அருகே ராத்து சட்டியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, சிறுவயதில் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் பழகினார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார்.

அவருக்கு முன்னோடி லிம்பா ராம். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சராதீத் என்ற பழங்குடி கிராமத்துக்காரர். மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்த அந்தச் சிறுவனை, 1987-ல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் திறனாய்வு முகாம் கண்டெடுத்தது. அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். 1992-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைப் போட்டியில், 30 மீட்டர் பிரிவில் 360-க்கு 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

இன்றைக்கும் நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மரம், மூங்கிலில் செய்த நாட்டு வில்தான் அதற்கு. ஆக, மூங்கில் வில் வெறும் பொம்மை இல்லை.

படார்!

திருவள்ளூரில் ஒரு சவுக்கு மண்டியில் நல்ல மூங்கிலாகப் பார்த்து வாங்கினேன். பிளந்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து சீவினேன். வெளிப்பக்கம் கணுக்கள் புடைத்திருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று அவற்றையும் வழவழவென்று இழைத்துவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு! நாண் கட்டி, ஆசையாக ஒரே இழுப்பில் காதுவரை இழுத்தேன்.

படார்! சரியாக அந்தக் கணுவில் முறிந்தது. ஒரு சிலாம்பு கன்னத்தை உரசிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற பிள்ளை பயந்து அழுதுவிட்டாள். கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அப்பாவின் கணக்கு

சத்தம் கேட்டு அப்பா மாடிக்கு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சிறிய கம்பெனியில் லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் போன பிறகு வீட்டில் பெரும்பாலும் டி.வி முன்னால்தான் இருப்பார். முறிந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா இவ்ளோ அவசரம்? லேத்துல அளவு கூட இருந்தா இன்னொரு கட் எடுக்கலாம். கம்மியாயிடுச்சுன்னா ஸ்கிராப்புதான். சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது.”

வில் செய்வதன் மொத்தப் பாடமும் இவ்வளவுதான். கொஞ்சம் சீவு, வளைத்துப் பார், மறுபடி கொஞ்சம் சீவு.

எங்கள் மாவட்டத்துக்கு இது பழைய பாடம். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள், சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்துச் செய்த கருவிகள் அவை. ஒரு தட்டு கூடிப்போனால் அந்தக் கல்லும் வீண்தான்!

1991-ல் ஆல்ப்ஸ் பனிமலையில் கிடைத்த ‘ஏட்ஸி’ என்ற 5,300 ஆண்டு பழைமையான மனிதரின் உடலருகே, சீவி முடிக்காத ஒரு வில்லும் இருந்தது. கோடரியால் செதுக்கிய தடம் இன்னும் அதில் தெரிகிறது. அவரும் பாதி வேலையில்தான் இருந்திருக்கிறார்.

நீங்களும் செய்யலாம்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த இரண்டாவது வில்லில் கற்றுக்கொண்டவை இவை:

* மூங்கில்: முற்றிய, பூச்சி அரிக்காத, கனமான சுவருள்ள மூங்கில் வேண்டும். பிளந்து, வெயில் படாத இடத்தில் சில வாரங்கள் காயவிடுங்கள்.
* அளவு: வில்லின் நீளம், பிடிப்பவரின் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையான வில் சீக்கிரம் முறியும்.
* தோல் பக்கம்: மூங்கிலின் பச்சைத் தோல் பக்கம்தான் இலக்கைப் பார்க்க வேண்டும். வளைக்கும்போது இழுவிசையைத் தாங்குவது அதுதான். அங்கே கத்தி படவே கூடாது. சீவுவதெல்லாம் உள்பக்கம் மட்டும்.
* வடிவம்: நடுவில் கைப்பிடியைத் தடிமனாக விட்டு, இரு முனைகளை நோக்கிப் படிப்படியாக மெலியச் செய்யுங்கள். முனைகளில் நாண் மாட்ட அரத்தால் சிறு பள்ளம் போடுங்கள்.
* வளைவு: சுவரில் ஆணியடித்து வில்லை மாட்டி, நாணைக் கொஞ்சமாகக் கீழே இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். விறைப்பாக இருக்கும் இடத்தை மட்டும் நாலு இழுப்பு சீவுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடாதீர்கள். இந்த ஒரு வேலைக்கே எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.
* இழுவை எடை: லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். சிறுவர்களுக்கு ஏழெட்டு கிலோ போதும்.
* நாண்: இழுத்தால் நீளாத, முறுக்கிய பாலியஸ்டர் நூல் நல்லது.

இதை மறக்காதீர்கள்

சோதித்துப் பார்க்கும்போது கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லையே உடைத்துவிடும். வைக்கோல் கட்டு போன்ற இலக்கை வைத்து, பின்னால் சுவரோ மண்மேடோ இருக்கும் இடத்தில், பெரியவர் துணையோடு மட்டும் பழகுங்கள். பறவை, விலங்குகளைக் குறிவைப்பது ஆபத்து மட்டுமல்ல, வனவிலங்குகள் என்றால் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால், வில் விதிகளுக்கு உட்பட்டதா என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டில் மூன்று

மூங்கில், நூல், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பத்தடி தூரத்தில் வைக்கோல் கட்டை வைத்தோம். முதலில் வில்லைத் தொடவே பயந்தாள். தாத்தா பின்னால் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இழுத்தாள். பன்னிரண்டு அம்பில் மூன்று பட்டது!

“தாத்தா, அடுத்த வாரம் பதினைந்து அடி!” என்றாள்.

“அவசரப்படாதே” என்றார் அப்பா. ஆனால், மறுநாள் காலையில் நான் ஆபீஸ் கிளம்பும்போது, டி.வி ஓடவில்லை. அப்பா மாடியில் அம்புக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தார்.