ஜஸ்ட் நவ் எத்தனை நிமிடம்?

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தையிலும் அதனை ஒட்டிய சிராங்கூன் சாலைக் கடைகளிலும் புழங்கும் ஆங்கிலத்தில், ‘ஜஸ்ட் நவ்’ என்னும் சிறுதொடர் அன்றைய பகலின் எந்தப் பொழுதையும் குறிக்க வல்லது. கடைக்காரர் பிற்பகல் 3 மணிக்கு “ஜஸ்ட் நவ் ஒருவர் வந்து கேட்டார்” என்றால், அந்த ஒருவர் காலை 10 மணிக்கே வந்து போயிருக்கலாம். இங்கிலாந்தில் இதே தொடர் ஓரிரு நிமிடங்களுக்கு முன்னர் என்றும், இந்திய ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்தக் கணமே என்றும் பொருள்படும். தென்னாப்பிரிக்காவிலோ அது எதிர்காலத்துக்குத் தாவி, பிறகு பார்க்கலாம் என்னும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. சிங்கப்பூர் வழக்கு மலாயின் ‘தாடி’ என்ற சொல்லோடு ஒத்துப்போவதைக் கவனிக்கலாம். தமிழ்க் காதுக்கு வேடிக்கையாகப் படும் அச்சொல், சற்றுமுன் நடந்ததையும் காலையில் நடந்ததையும் ஒருங்கே குறிப்பதாகும்.

இவ்வாறு நெகிழும் தொடர்களைப் பிடித்து, அவற்றுக்குத் துல்லியமான அளவு வகுத்தவர்களும் உண்டு என்பதே இதில் மிக விந்தையானது. ‘மொமென்ட்’ என்பது இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தின் நாற்பதில் ஒரு பங்காக, ஏறத்தாழ 90 வினாடியாகக் கணக்கிடப்பட்டது. ‘ஜிஃபி’ என்பது 18ஆம் நூற்றாண்டின் கொச்சைச் சொல். அதனை வேதியியலறிஞர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ், ஒளி ஒரு சென்டிமீட்டர் கடக்கும் நேரம், அதாவது ஏறத்தாழ ஒரு வினாடியை மூவாயிரம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு என்று வரையறுக்க முன்வந்தார். பின்னர் வந்த லினக்ஸ் மென்பொருளிலோ அது கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பாகி, அமைப்புக்கேற்ப ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மாறி நிற்கிறது. ஆட்டுக்குட்டி வாலை இருமுறை ஆட்டும் நேரம் என்னும் நாட்டுப்புறத் தொடரிலிருந்து பிறந்த ‘ஷேக்’, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய அறிவியலாளர்களால் 10 நானோ வினாடிக்கு, அதாவது ஒரு வினாடியைப் பத்துக் கோடியாகப் பகுத்த பங்கிற்குப் பெயராயிற்று. அணுக்கருத் தொடர்வினையின் ஒரு படி நிகழ ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆகும். பேரழிவின் கணக்கில் ஆட்டுக்குட்டியின் வால் புகுந்தது வியப்பே.

தமிழ் இலக்கணம் இதனை வெகு முன்னரே, அதுவும் குண்டின் தேவை ஏதுமின்றிச் செய்திருக்கிறது. எழுத்தின் ஒலிப்பு நேரமாகிய மாத்திரையை, இயல்பாகக் கண் இமைக்கும் பொழுது என்றும் விரலை நொடிக்கும் பொழுது என்றும் தொல்காப்பியம் வரையறுத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனப் பகிர்ந்தளித்தது. ஒரு கணம் பொறுக்கச் சொல்லத் தேக்காவின் மலாய் வணிகர் வழங்கும் ‘செகெஜாப்’ என்ற சொல்லின் உள்ளும் ஒரு கண்ணிமைப்பே இருக்கிறது. நீண்ட பொழுதுகளுக்கோ 24 நிமிடம் கொண்ட நாழிகையும், இரு நாழிகை கொண்ட முகூர்த்தமும் இருந்தன. முகூர்த்தம் என்பது 48 நிமிட அளவு என்பதைத் திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும் இன்று பொருட்படுத்துவதில்லை.

அளவுப்பெயர்கள் வழக்கொழிவதைக் காட்டிலும் வருந்தத்தக்கது, பேச்சில் உள்ள நுட்பம் கரைவதாகும். “இப்பத்தான் வந்தார்” என்பதற்கும் “அப்பவே வந்துட்டார்” என்பதற்கும் உள்ள இடைவெளியைத் தமிழர் யாரும் விளக்கமின்றி உணர்வர். “ஜஸ்ட் நவ் வந்தார்” என்று சிங்கப்பூர்த் தமிழில் கலந்து பேசும்போது, மீன்காரர் தராசில் பல மீன்களை ஒன்றாகக் கொட்டி எடை போடுவதைப் போல, அவ்விரண்டும் ஒரே குவியலாகிவிடுகின்றன. உள்ளூரில் இதனால் பெரிய கேடில்லை, குறிப்பறிந்து கொள்வார்கள். ஆனால் சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்பவருக்கு, வந்தவர் இன்னும் வாசலில் நிற்கிறாரா, உண்டு முடித்துப் புறப்பட்டே போய்விட்டாரா என்பது விளங்காது.