நாற்சக்கர இயக்கமுள்ள டர்போக் காரை விரைந்து புறப்படுவித்தல்

ஓடுகின்ற வண்டியின் வேகத்தை மிகுவித்தல் எளிது. நிற்கின்ற வண்டியை வேகமாக ஓடச்செய்தலே அரிது. பெரும்பாரம் ஏற்றிய கட்டைவண்டியைப் புறப்படுவிக்கும் வண்டிக்காரன் எடுத்த எடுப்பில் மாடுகளை அடித்துப் பாயவிடுவானாயின், பூட்டாங்கயிறு அறும். அன்றேல் நுகத்தடி முறியும். தொழிலறிந்தவனோ, மாடுகள் முதலில் கழுத்தைக் கொடுத்து நுகத்தைத் தாங்கவும் கயிறுகள் இறுகவும் கணப்பொழுது விட்டு, அதன் பின்னரே அவற்றை அதட்டுவான். அந்தக் கணப்பொழுதுதான் மோட்டார் காரிலும் நமக்கு வேண்டுவது. காரில் அதனைக் காத்து நிற்கும் உறுப்பு கிளட்ச் எனப்படும்.

நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது எல்லாக் கார்களையும் பற்றியதன்று. நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயக்கப்பெறுவதும், டர்போ என்னும் காற்றழுத்தக் கருவி பூண்டதுமாகிய ஒருவகைக் காரையே பற்றியது. இவ்விரண்டு அமைப்பும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டில் தோன்றியவை. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் உள்ளே செல்லும் காற்றை நெருக்கிச் செலுத்தலாம் என்பதற்கு சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றார். அமெரிக்காவில் 1962-ல் அக்கருவி விற்பனைக் கார்களில் ஏறியது. நாற்சக்கர இயக்கம் இங்கிலாந்தில் 1966-ல் வெளிவந்த ஜென்சன் எப்.எப். என்னும் நெடுஞ்சாலைக் காரில் இடம் பெற்றது. இரண்டையும் ஒருங்கிணைத்துப் புகழ்பெற்றது 1980-ல் ஜெனீவா கண்காட்சியில் வைக்கப்பட்ட ஆடி குவாட்ரோ. அக்கார் ராலிப் பந்தயங்களில் அடைந்த வெற்றியைக் கண்ட ஜப்பானியர் 1992-ல் சுபாரு இம்பிரெசா டபிள்யு.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் என்னும் இரண்டையும் வெளியிட்டனர். பந்தயக் கார்கள் பொதுமக்களுக்கு விற்கப்படும் கார்களையே அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும் என்று அக்காலத்து விதி இருந்தமையால், மலைச்சாலைகளிற் பாய்வதற்கென்று பிறந்த யந்திரம், கடைவீதிக்குச் சென்று காய்கறி வாங்கி வருவோர் கையிலும் வந்து சேர்ந்தது. கிளட்சின் துன்பமும் அங்கேதான் தொடங்கிற்று.

கிளட்சின் அமைப்பு எளியது. எஞ்சினோடு எப்பொழுதும் சுழலும் கனத்த இரும்புத் தட்டு பிளைவீல். அதற்கும், வில்விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, உராய்வுப் பொருள் ஒட்டிய மெல்லிய வட்டத் தகடு ஒன்று உளது. அதுவே கிளட்ச் பிளேட். பெடலை மிதிக்குங்கால் அழுத்தம் நீங்கி எஞ்சின் தனித்துச் சுழலும். விடுங்கால் மூன்றும் ஒன்றாய் இறுகி, எஞ்சினின் முறுக்கு விசை கியர் பெட்டி வழியே சக்கரங்களைச் சேரும். நிற்கும் காரின் சக்கரம் சுழலாது. எஞ்சினோ நின்றால் அணைந்துவிடும். ஆதலின் புறப்படும்போது எங்கேனும் ஓரிடத்தில் வழுக்குதல் நிகழ்ந்தே தீரும். அஃது எங்கே நிகழவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் வலிய காரில் இக்கேள்விக்கு டயர்களே விடை கூறிவிடுகின்றன. ஓட்டுபவர் பெடலைச் சடாரென விட்டால் டயர்கள் தரையில் வழுக்கிச் சுழன்று புகை எழுப்பும், டயர் தேயும், கிளட்ச் தப்பும். நான்கு சக்கரமும் இயங்கும் காரில் அந்தப் போக்கிடம் அடைபட்டுவிடுகின்றது. கணக்கிட்டு நோக்குவோம். 2001-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் விற்ற இம்பிரெசா டபிள்யு.ஆர்.எக்ஸ். காரின் எஞ்சின் முறுக்கு விசை உச்சத்தில் 292 நியூட்டன் மீட்டர். முதற் கியரின் பெருக்கம் 3.454, இறுதிப் பற்சக்கரத்தின் பெருக்கம் 3.9, இரண்டுஞ் சேர ஏறத்தாழ பதின்மூன்றரை மடங்கு. அதனைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால், தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 12,800 நியூட்டன் ஆகும். ஓட்டுநரோடு கூடிய காரின் நிறையை 1500 கிலோகிராம் எனக் கொண்டால், அதன் எடை 14,700 நியூட்டன். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் தன்மேற் சார்ந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான பிடிப்பைத் தரவல்லது. எடை முழுவதும் இயங்கு சக்கரங்களின் மீதே இருத்தலால், எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்டினும் டயர்கள் வழுக்கமாட்டா! பின்சக்கர இயக்கமாயின் எடையில் ஐந்தில் மூன்று பங்கே இயங்கு சக்கரங்களைச் சாரும், பிடிப்பும் அவ்வளவே, ஆதலின் அங்கே டயர் எளிதில் தோற்கும்.

டயர் தோற்காதபோது எஞ்சியன இரண்டு. ஒன்று எஞ்சின் தோற்பது. மற்றொன்று கிளட்ச் வழுக்குவது. எஞ்சின் தோற்பது எவ்வாறெனின், டர்போ தன் புகைச் சக்கரம் வேகமாகச் சுழன்றாலன்றி உதவாது. நிமிஷத்துக்கு 3000 சுழற்சிக்குக் கீழே இவ்வகை எஞ்சின், உருவத்திற் சிறிய சாதாரண எஞ்சினாகவே இருக்கும். குறைந்த சுழற்சியில் கிளட்சை முழுவதும் விட்டால், சுழற்சி மேலும் வீழ்ந்து, கார் ஏங்கித் தயங்கி, பிறகே காற்றழுத்தம் கூடிப் பாயும். பந்தய மைதானத்தில் இத்தயக்கம் தோல்வி. இதனை அஞ்சியே பலர் 5000, 6000 சுழற்சிவரை எஞ்சினை உறுமவிட்டுப் பெடலை விடுகின்றனர்.

அவர்களிற் சிலர் பெடலைச் சட்டென விடுபவர். "வழுக்கவிட்டாலன்றோ கிளட்ச் தேயும், வழுக்காமல் விட்டால் தேயாது" என்பது அவர் வாதம். வாதம் பாதி மெய். பிளைவீலிற் சேர்ந்திருந்த சுழல் விசை முழுவதும் கணத்தில் இறங்குமாதலால், கிளட்ச் தாங்கக்கூடிய எல்லைவரை, அஃதாவது எஞ்சினின் முறுக்கு விசைக்கும் மிகப் பெரிய ஓர் அடி, கியர்ப் பற்களின்மீது விழுகின்றது. கிளட்ச் தப்பும், முதற் கியரின் பல் உதிரும். ஐந்து கியர்ப் பெட்டி பூண்ட பழைய இம்பிரெசாக்களில் இவ்வாறு பல் இழந்தவை பல என்பது அக்காரை ஆள்வோர் நன்கறிந்ததே. கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்த பொருள். கியர்ப் பெட்டி அன்று. அதனை மாற்றும் செலவு பன்மடங்கு. வலிமை மிக்க செராமிக் கிளட்சை வாங்கிப் பூட்டிக்கொண்டு இனிக் கவலையில்லை என்று இருப்பாரும் உளர். அது வழுக்காது என்பது உண்மை. வழுக்காததாலேயே அடி முழுவதும் அடுத்த உறுப்பைச் சேரும் என்பதும் உண்மை.

இனி, மறுபுறத்தார் பெடலைப் பாதியில் நிறுத்தி நெடுநேரம் வழுக்கவிடுபவர். இவர்க்கு நேரும் கேட்டை அறிய உஷ்ணத்தைக் கணக்கிடல் வேண்டும். எஞ்சின் 5000 சுழற்சியில் நிலையாக நிற்க, கார் நின்ற நிலையிலிருந்து அச்சுழற்சிக்குரிய வேகத்தை எய்தும்வரை கிளட்ச் வழுக்குகின்றது எனக் கொள்வோம். முற்கூறிய காரில் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அவ்விடைவேளையில் எஞ்சின் பக்கத்துத் தட்டு முழு வேகத்திலும், கார்ப் பக்கத்துத் தகடு சராசரியாக அதில் பாதி வேகத்திலும் சுழல்வதால், எஞ்சின் செய்த வேலையிற் பாதியே காரைச் சேரும். மற்றைப் பாதி உஷ்ணமாகும். ஆகவே கார் பெற்ற இயக்க சக்தி எவ்வளவோ, அவ்வளவு உஷ்ணம் கிளட்சிற் பிறக்கும். இக்காரில் அது 107 கிலோஜூல். அறையிலிருந்த மூன்றிலொரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமான உஷ்ணம். அத்தனையும் ஒன்றரை விநாடிக்குள், கையகல உராய்வுப் பரப்பில்! தண்ணீருக்காவது ஆவியாகப் போக வழியுண்டு. மூடிய கூட்டினுள் இருக்கும் தகட்டுக்கு அதுவும் இல்லை. உராய்வுப் பொருளைப் பிணைத்த பிசின் கருகி நாற்றம் வீசும். மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறும். மெருகேறவே பிடிப்புக் குறையும். பிடிப்புக் குறையவே வழுக்கல் நீளும். நீளவே உஷ்ணம் மேலும் ஏறும். பிளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகள் தோன்றுவது இதன் தழும்பு.

இதனினின்று பெறத்தக்க செய்தி ஒன்று உளது. உஷ்ணம் சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது. 3000 சுழற்சியில் இதே கணக்கைச் செய்தால் 107-க்குப் பதிலாக 39 கிலோஜூலே வரும். எனினும் 3000-ல் டர்போ உறங்குகின்றது. என் செய்வது? எஞ்சினை 4500 அளவில் ஏற்றி, கிளட்ச் பிடிக்குங்கால் சுழற்சியை அங்கேயே நிறுத்தாது சிறிது இறங்கவிட்டு, 3500-ல் காரின் வேகமும் எஞ்சினின் வேகமும் சந்திக்கச் செய்தால், டர்போவின் காற்றழுத்தமும் தவறாது. வழுக்கலோ மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலேயே, சுமார் ஒரு விநாடியில், முடிந்துவிடும். உஷ்ணம் 67 கிலோஜூல் அளவிற்குத் தாழும். மூன்றிலொரு பங்குக்கும் மேல் மிச்சம். தரையைத் தள்ளும் விசை இரு முறையிலும் ஒன்றே ஆதலின், காலத்தில் இழப்பு ஏறத்தாழ இல்லை. விரைவையும் கிளட்சையும் ஒருங்கே காக்கும் உபாயம் இதுவே என்பது நம் துணிபு.

செய்கையில் இஃது எவ்வாறு அமையும்? பொதுச்சாலையை விடுத்து மூடிய பந்தயத் தடத்தில், எண்ணெய் நன்கு சூடேறிய பின், சக்கரங்களை நேராக நிறுத்திக்கொள்ளல் வேண்டும். முதற் கியரை முன்னரே இட்டு, பெடலை மெல்ல மேலெழ விட்டு, தகடு தீண்டத் தொடங்கும் இடத்தைக் காலால் அறிந்து, மீண்டும் ஓர் அங்குலம் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். பெடலின் முழுத் தூரத்தையும் புறப்படும் கணத்தில் தேடுவதே பெரும்பாலார் தடுமாறும் இடம். பின்னர் எஞ்சினை உரிய சுழற்சிக்கு ஏற்றி, அங்கே நெடுநேரம் உறுமவிடாது, பெடலைத் தீண்டும் இடத்துக்கு விரைவாகவும் அங்கிருந்து மேலே நிதானமாகவும் விடுக. அதே வேளையில் வலக்கால் ஆக்ஸிலேட்டரை இறுதிவரை கொண்டு செல்லல் வேண்டும். அங்ஙனம் செய்யாது தயங்கினால் முள் 3000-க்குக் கீழே வீழும். முள் இறங்கி நின்று மீண்டும் ஏறத் தொடங்கும் கணமே இரு வேகங்களும் சந்தித்த கணம். அப்போது பெடலிலிருந்து காலை முற்றும் எடுத்துவிடல் வேண்டும். எடுத்த காலைப் பெடலின்மேல் சும்மா வைத்திருப்பது, அடுப்பணைத்த பின்னும் விறகைச் செருகி வைத்தாற் போலாம்.

தரை மாறின் முறையும் மாறும். மழை நனைத்த சாலையிலும் சரளையிலும் பனியிலும் டயரின் பிடிப்புக் குறைவதால், நாற்சக்கர வண்டியிலும் டயர்களே வழுக்கிக் கொடுக்கின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் கியர்ப் பெட்டியை உடைக்கக்கூடிய புறப்பாட்டை, பின்லாந்தின் சரளைப் பாதையில் ராலி ஓட்டுநர் அஞ்சாது செய்வதன் காரணம் இதுதான். அவர் செய்வதைப் படத்திற் கண்டு, வெயிலிற் காய்ந்த தடத்தில் அப்படியே செய்ய முற்படுவோர் இதனை நினைவிற் கொள்க.

இக்காலத்தில் மனிதர் காலை நம்பாது யந்திரமே புறப்பாட்டை நடத்தும் ஏற்பாடுகளும் வந்துள்ளன. 2007-ல் ஜப்பானில் வெளிவந்த நிசான் ஜி.டி.ஆர். என்னும் கார் நாற்சக்கர இயக்கமும் இரட்டை டர்போவும் உடையது. கிளட்ச் பெடல் இல்லாதது. இரண்டு கிளட்சுகளைத் தானே ஆள்வது. அதன் முதல் வெளியீடுகளில் விரைந்த புறப்பாடு ஏறத்தாழ 4500 சுழற்சியில் அமைந்திருந்தது. சிலவற்றிற் கியர்ப் பெட்டி பழுதுற்று வழக்காடும் நிலையும் எழுந்தது. பின்வந்த திருத்தத்தில் அச்சுழற்சி சுமார் 3000-க்குத் தாழ்த்தப்பட்டது. கார் அதனால் மந்தமாகிவிடவில்லை. பெரிய எஞ்சினாதலின் 3000-லேயே போதிய வலிமை அதற்கு உண்டு. கணினியும் கணக்கைப் பார்த்து வந்து சேர்ந்த இடம் தாழ்ந்த சுழற்சியே என்பது நோக்கத்தக்கது.

ஒரு முறை இவ்வாறு புறப்பட்டபின் உடனே திரும்பி வந்து மறுமுறை முயலுதல் கூடாது. தகட்டின் மேற்பரப்புச் சூடு பிளைவீலின் உடல் முழுவதும் பரவித் தணியச் சில நிமிஷம் வேண்டும்; அதுவரை காரை நிறுத்தி வைப்பதினும், கிளட்சை மிதியாது மெல்ல ஓட்டித் திரிவது நலம், சுழலும் தட்டுக்குக் காற்றுப் படுமாதலின். கருகல் நாற்றம் வந்தால் அன்றைக்கு அவ்வளவே. கிளட்சின் நிலையை ஐயுறுவோர், ஒழிந்த நேரான தடத்தில் நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் 2500 சுழற்சியளவில் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்துப் பார்க்கலாம். டர்போ விழித்து முறுக்கு விசை ஏறும் அவ்வேளையில், காரின் வேகம் மெல்ல ஏற, சுழற்சி முள் மட்டும் துள்ளி எழுமாயின், தகடு வழுக்குகின்றது. மாற்றும் காலம் வந்துவிட்டது. அம்முறை கூட்டைத் திறக்கும்போதே பிளைவீலின் முகத்தையும் பார்த்து, நீலப் புள்ளியோ வளைவோ இருப்பின் அதனையும் கடைந்தெடுத்தல் அல்லது புதிதாக இடுதல் வேண்டும். இல்லையேல் புதுத் தகடும் சில வாரங்களிற் பழைய நாற்றத்தையே வீசத் தொடங்கும்.