‘நல்லாத்தானே இருக்கு?’: நம்ம சமையலும் நாயோட உடம்பும்

‘எங்க நாய்க்கு தினமும் சாம்பார் சாதம்தான், நல்லாத்தானே இருக்கு?’ நாய் வளர்க்கிற வீடுகள்ல அடிக்கடி கேட்கிற வசனம் இது. இன்னைக்கு எபிசோட் அந்த ‘நல்லாத்தானே இருக்கு’ பத்தித்தான். ஏன்னா நாய்க்கு ஆகாத பல உணவுகள் உடனே எதையும் காட்டாது.

முதல்ல வெங்காயம். இதுல இருக்கிற சல்ஃபர் சேர்மங்கள் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவச்சாலும், வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில 0.5 சதவீதத்துக்கு மேல ஒரே நேரத்துல சாப்பிட்டா ஆபத்து. 10 கிலோ நாய்க்கு அது வெறும் 50 கிராம், அதாவது பெரிய வெங்காயத்துல பாதி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா போனாலும் பாதிப்பு சேரும். சோர்வு, வெளிறின ஈறு, அடர்ந்த நிறத்துல சிறுநீர்னு அறிகுறி தெரிய சில நாள் ஆகலாம். பூண்டு இதைவிட வீரியம்.

அடுத்து திராட்சை, பாயசத்துல போடுற உலர்திராட்சையும் சேர்த்து. இது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஒரு நாய் நிறைய சாப்பிட்டும் தப்பிக்கும், இன்னொண்ணு கொஞ்சத்துலயே விழுந்துடும். காரணம் ரொம்ப நாளா புதிராவே இருந்துச்சு. 2021-ல அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் டார்டாரிக் அமிலத்தைக் கை காட்டினாங்க. இதன் அளவு திராட்சைக்குத் திராட்சை மாறும். அதே அமிலம் எக்கச்சக்கமா இருக்கிற இன்னொரு பொருள் எது தெரியுமா? நம்ம புளி! புளி சாப்பிட்ட நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கு. இப்போ அந்த சாம்பார் சாதத்தை மறுபடி யோசிச்சுப் பாருங்க.

சாக்லேட் விஷயம் எல்லாருக்கும் தெரியும், காரணம்தான் பலருக்குத் தெரியாது. அதுல இருக்கிற தியோப்ரோமினை நம்ம உடம்பு சீக்கிரம் வெளியேத்திடும். நாய்க்கு அதுல பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். டார்க் சாக்லேட், கோகோ பவுடர்ல இது இன்னும் அதிகம்.

ரொம்ப வேகமானது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங் கம், சில பீநட் பட்டர்ல இருக்கும். நாயோட உடம்புல இன்சுலினைத் திடீர்னு சுரக்க வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிடும். லேபிள் படிக்காம எதையும் கொடுக்காதீங்க.

சரி, சாப்பிட்டுடுச்சு. என்ன பண்ணணும்? அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே டாக்டருக்கு போன் போட்டு நாலு விஷயம் சொல்லுங்க: என்ன சாப்பிட்டுது, எவ்வளவு, எப்போ, நாயோட எடை என்ன. கவர் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அந்த உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டுச் சாப்பாடே கொடுக்கக் கூடாதான்னு கேட்டா, அப்படியில்லை. வெங்காயம், பூண்டு, புளி, மசாலா சேர்க்கிறதுக்கு முன்னாடியே அதோட பங்கைத் தனியா எடுத்து வச்சுடுங்க. வெறும் சாதம், எலும்பு நீக்கி வேகவச்ச கோழி, கேரட் போதும். முக்கியமா, இந்த எபிசோடை வீட்டுல ‘பாவம், ஒரு வாய்தானே’ன்னு ஊட்டி விடுறவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.