ஓய்ந்திருக்கும் கணிப்பொறியும் மக்களின் பூட்டும்

பெங்களூர் நகரின் அலுவலகங்களில் பணி நேரம் முடிந்தபின் எண்ணற்ற கணிப்பொறிகள் வேலையின்றி நிற்கின்றன. வீணாகும் கணிப்பொறி நேரத்தை நெல்லைப் போலக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்க இயலாது. ஆனால், அதனைப் பொதுப்பணி ஒன்றிற்கு நன்கொடையாக வழங்கலாம். பெரிய எண்களின் காரணிகளைக் கண்டறிதல் அத்தகைய பணிகளுள் ஒன்றாகும்.

பூட்டின் அமைப்பு

83, 97 ஆகிய பகா எண்களைப் பெருக்கினால் 8051 கிடைக்கும். பெருக்குவது எளிது, 8051-ஐ மட்டும் கொண்டு அவ்விரு எண்களைக் கண்டறிவது கடினம். இலக்கங்கள் நூற்றுக்கணக்காகும்போது இக்கடினம் மலையளவாகிறது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகியோர் வகுத்த ஆர்.எஸ்.ஏ. முறை இதனையே அடிப்படையாகக் கொண்டது. பெருக்குத்தொகையை அறிந்த எவரும் செய்தியைப் பூட்டலாம். காரணிகளை அறிந்தவரே திறக்க முடியும்.

தொண்டர்களின் பங்கு

அதே ஆண்டில் 129 இலக்க எண் ஒன்று அறைகூவலாக வெளியிடப்பட்டது. அதன் காரணிகளைக் காணப் பல கோடி கோடி ஆண்டுகளாகும் என்று அன்று கணிக்கப்பட்டது. ஆயினும், 1994 ஏப்ரலில் விடை கிடைத்தது. ஏறத்தாழ 600 தொண்டர்கள், 1,600 கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை எட்டு மாதங்கள் வழங்கினர். பணியின் பெரும்பகுதியான சலித்தலைச் சிறு கூறுகளாகப் பகிர்ந்தளிக்க முடிந்ததே இதற்குக் காரணம். இறுதிக் கணக்கு மட்டும் ஒரே பெருங்கணிப்பொறியில் செய்யப்பட்டது.

சிறந்த கணித வழிமுறைகளும் மலிவான இயந்திரங்களும் முயற்சியை மேலும் முன்னேற்றின. 1999-ல் 512 பிட் எண்ணும், 2020-ல் 829 பிட் எண்ணும் ஆய்வாளர்களால் பிரிக்கப்பட்டன.

பெங்களூருடன் தொடர்பு

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தொழில்நுட்ப மையம் பெங்களூரில் உள்ளது. நியாயவிலைக் கடையில் ஒரு மூதாட்டி ஆதார் சரிபார்ப்பிற்காக விரல் ரேகை பதிக்கும்போது, அவ்விவரம் ஒரு தற்காலிகச் சாவியால் பூட்டப்படுகிறது. அச்சாவியைக் காப்பது 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. பூட்டாகும். இது 617 இலக்கங்கள் கொண்டது. இதுவரை பிரிக்கப்பட்ட எண்களைவிட மிகப் பெரியது. எவ்வளவு நீளமான பூட்டு போதுமானது என்பதை அரசுகளுக்கு உணர்த்தும் அளவுகோலாகத் தொண்டர்களின் உழைப்பு பயன்பட்டுள்ளது. திருடர் திறக்குமுன் பூட்டின் வலிமையை நல்லோர் சோதித்துக் கூறுவது சமுதாயத்திற்கு இலாபமே.

இந்நன்கொடைக்கு மின்செலவு உண்டு. அலுவலகக் கணிப்பொறியாயின் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

குவாண்டம் கணிப்பொறி போதிய அளவில் உருவானால், இவ்வகைப் பூட்டுகள் நீளத்தால் மட்டும் நிலைக்க மாட்டா என்பதை 1994-ல் பீட்டர் ஷோர் நிறுவினார். 2023-ல் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் இயக்கத்தின் கீழ், அத்தகைய கணிப்பொறி ஆய்வுக்கான மையம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலேயே அமைந்துள்ளது. புதிய திறவுகோல் உருவாகுமுன் புதிய பூட்டை ஆயத்தம் செய்வதே திட்டமிடுவோரின் கடமையாகும்.