அறுவடைக் கரங்களும் எல்லைச் சட்டமும்

கனி உண்ணும் நாம் அதைப் பறித்த கரங்களை நினைப்பதுண்டா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சையும் ஸ்ட்ராபெரியும் பறிப்பவர்களுள் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்.

அவர்களை அமெரிக்க அரசே அழைத்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை ஏற்படவே, 1942-இல் 'பிராசெரோ' என்னும் ஒப்பந்தத் திட்டம் தொடங்கியது. 1964-இல் அது நிறுத்தப்பட்டது. ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. பலரிடம் அனுமதிச் சீட்டுதான் இல்லை. இன்று அந்நாட்டுப் பயிர்த் தொழிலாளருள் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் உரிய அனுமதி அற்றவர்கள்.

சட்டத்தை மீறியவரை வெளியேற்றுக என்பர் ஒரு சாரார். அதனால் உள்ளூரார் கூலி உயரும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் போனால் கனிகள் செடியிலேயே அழுகும் என்பர் மறுசாரார். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. தெரிந்தே அனுமதியற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை விதித்தது. ஏற்கெனவே உழைத்துவந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணைத் தொழிலாளருக்குக் குடியிருப்புரிமையும் கிடைத்தது.

நாட்டிற்கு எல்லை வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் பிடிபடுவோமோ என்று அஞ்சுபவர், கூலியைக் குறைத்தாலும் வாய் திறவார். அந்த அச்சத்தால் இலாபம் பெறுபவரை விட்டுவிட்டு, ஏழையை மட்டும் துரத்துவது நீதியாகுமா?

பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தும் அயல்நாட்டுப் பெண்ணே. நிலக்கிழார் போவாஸ் அவளை விரட்டவில்லை. எவரும் அவளுக்குத் தொல்லை தரலாகாது எனக் கட்டளையிட்டார். அந்த நெஞ்சம் நமக்கும் வேண்டும்.